குளவி கொட்டிய பிறகு மூச்சுவிடப் பழகியது

குளவிகள் வந்தபோது நானும் என்னோடு படிப்பிக்கிற டீச்சரும் கலஹாவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி வந்து கண்டியில் வீடெடுத்து இருப்பவர். வழியில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கழுகு மரத்திலிருந்த குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சத்தம் மட்டும்தான். பெரிய லொறி மேட்டில் ஏறுவது மாதிரி. இங்கே லொறிப் பாதையே இல்லையே என்று நினைத்து முடிக்கவில்லை, முதல் கொட்டு கண்ணிமையில் விழுந்தது.

ஆணி அடித்தது போலிருந்தது. அடுத்தது உதட்டில். பிறகு எது எங்கே என்று தெரியவில்லை. தலைமுடிக்குள் புகுந்தவை வெளியே வர வழியில்லாமல் மண்டையைக் குத்தின. கையால் அடித்தேன். அடிக்க அடிக்க இன்னும் வந்தன.

"ஓடாதேங்கோ, படுங்கோ!" என்று கத்தி டீச்சர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். இருவரும் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் முகங்குப்புற விழுந்தோம். மேல் நிரையில் ஒரு பெண் அலறிக்கொண்டேயிருந்தாள். அலறல் இருமலாக மாறியது. பிறகு இருமலும் நின்றது. ஆண்கள் சாக்கைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்து எங்களைத் தூக்கினார்கள். அந்தப் பெண் இறந்துவிட்டதை ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

வீக்கம் வற்றி வீட்டுக்கு வந்த பிறகு வேறு தொல்லை தொடங்கியது. ஃபேன் சுற்றினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூரத்தில் ஒரு த்ரீவீலர் மேடேறினாலும் வியர்த்துவிடும். இதயத்தில் கோளாறில்லை, மெதுவாக மூச்சுவிடப் பழகுங்கள் என்றார் டாக்டர். மாநகர சபையில் வேலை செய்யும் என் கணவர் நெஞ்சில் கட்டுகிற பட்டி ஒன்றை வாங்கி வந்தார். அது இதயத் துடிப்பைப் போனுக்கு அனுப்பும். போனில் இருக்கிற ஆப் எப்போது மூச்சை இழுப்பது, எப்போது விடுவது என்று சொல்லும்.

"கண்ண மூடிக்கிட்டு கதிரையில உக்காரு. மத்தத அதுவே பாத்துக்கும்," என்றார்.

பட்டியைக் கட்டி, போனை மடியில் வைத்துக் கண்ணை மூடினேன். மூச்சை இழுக்கச் சொல்ல அந்த ஆப் போனை அதிர வைக்கும் என்பது இருவருக்கும் தெரியாது. தொடையில் 'ர்ர்ர்' என்றது.

நான் அலறியதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. போன் சீமெந்துத் தரையில் விழுந்து அங்கேயும் அதிர்ந்தது. கணவரின் சப்பாத்தை எடுத்து அதை அடித்தேன். கண்ணாடி நொறுங்கிய பிறகும் அடித்தேன்.

"விடு, விடு, அது போன்!" என்று பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார். திரும்பி அவர் முகத்தில் அடித்தேன். சப்பாத்தின் குதி மூக்கில் பட்டு இரத்தம் சட்டையில் கொட்டியது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். என் கை அடுத்த அடிக்கு ஓங்கியபடி நின்றது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"எனக்குந்தான்," என்றார், மூக்கை விடாமல்.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் பார்க்க வந்தார். அவர் கழுத்தில் கறுத்த தழும்புகள் இன்னும் மாறவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓம், எனக்கும் உப்பிடித்தான். அந்த அதிர்வை நிப்பாட்டலாம் டீச்சர். வட்டத்தை மட்டும் பாருங்கோ."

கண்ணாடி மாற்றிய போனில் ஒரு நீல வட்டம் மெல்ல விரிந்து மெல்லச் சுருங்கியது. விரியும்போது இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். துடிப்பு நூற்றுக்கு மேலே நின்றது. "விடேக்க இன்னும் கொஞ்சம் நீட்டி விடுங்கோ," என்றார் டீச்சர். நீட்டினேன். எண் இறங்கியது, என் உடம்பு என் சொல்லைக் கேட்டதில் அழுகை வந்தது. தினமும் செய்தேன். கணவர் கொஞ்ச நாள் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

நான் திரும்பவும் பள்ளிக்கூடம் போன வாரத்தில்தான் கூட்டை எரித்தார்கள். அதுவரை அந்த மலையில் கொழுந்து எடுக்க மாட்டோம் என்று பெண்கள் நின்றிருந்தார்கள். பொழுது சாயும் நேரம். மூங்கில் நுனியில் தீப்பந்தம் கட்டி மரத்துக்கு ஏற்றினார்கள். நானும் டீச்சரும் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தி, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். பட்டி நெஞ்சில் இருந்தது. கூடு எரிந்துகொண்டே விழுந்தது. இறக்கை கருகிய குளவிகள் மழை மாதிரி கொட்டின. இறந்த பெண்ணின் கணவர் மண்வெட்டியோடு பாய்ந்து கூட்டைக் கொத்தினார். அது சாம்பலான பிறகும் கொத்தினார். போனில் எண் ஏறிக்கொண்டே போனது. மூச்சை விடச் சொல்லி வட்டம் சுருங்கியது. நான் விடவில்லை.

"எரியட்டும்," என்றேன் வாய்விட்டு. "ஒண்ணு விடாம எரியட்டும்." டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மண்வெட்டியின் பிடி முறிந்தது. அப்போதுதான் அவர் நிறுத்தினார். எல்லாம் அடங்கிய பிறகு, கையில் புதிதாக வீங்கிய கொட்டுகளோடு பள்ளிக்கூடப் படியடிக்கு வந்தார். அவருடைய மகள் என் வகுப்புப் பிள்ளை. தாய் இறந்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

"டீச்சர், புள்ளய நாளைக்கு அனுப்பவா?"

"அனுப்புங்க அண்ணே," என்றேன்.

பஸ்ஸில் பேராதனை வரை மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். எண் இறங்கவேயில்லை. மறுநாள் காலை அந்தப் பிள்ளை வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் பாடத்தைத் தொடங்கினேன்.