சுகந்தியின் லேப்டாப்

1. முதல் கேள்வி

“அக்கா, இதுல நான் டைப் பண்றத வேற யாராவது பாக்க முடியுமா?”

என் கடைக்கு வந்ததும் சுகந்தி கேட்ட முதல் கேள்வி இது. துணிப்பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். கணவரைப் பிரிந்து ஒரு வருடமாகச் சிதம்பரத்தில் அம்மாவோடு இருக்கிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சிதம்பரம் மேலவீதிக்குப் பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. ஆரம்பத்தில் கடைக்கு வருகிறவர்கள், “மெக்கானிக் எப்பம்மா வருவாரு?” என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் மெக்கானிக் என்றால் பாதிப் பேர் மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதையெல்லாம் தாண்டித்தான் கடை நின்றது. ஐந்தாறு வருடம் கழித்து, இங்கே ஒரு கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த கட்டற்ற மென்பொருள் வகுப்புக்குப் போய், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் கற்றுக்கொண்டேன். விண்டோஸைத் திருட்டு காப்பி போட்டுக் கொடுப்பதும், அடுத்த மாதமே அதே மெஷின் வைரஸோடு திரும்பி வருவதும் எனக்கே சலித்துப் போயிருந்தது. அதன்பிறகு பழைய மெஷின் எது வந்தாலும் லினக்ஸ் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சுகந்தி சொன்னது இதுதான். கடலூர் சிப்காட் பக்கம் மூன்று கம்பெனிகளில் லேப் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மூன்றிலும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்திலும் பேச்சு மாறிவிட்டது. ஒரு இடத்தில் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது கம்பெனியில் ஒரு பெண் அதிகாரி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் கணவர் போன் செய்தார், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றார் என்று சொல்லியிருக்கிறார்.

எந்தக் கம்பெனி, எந்தத் தேதி என்பது அவளுக்கும் அவள் மெயிலுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம்.

“இங்க ஏன் வந்தேன்னா, இதுக்கு அடியில உங்க கடை ஸ்டிக்கர் இருந்துச்சு” என்றாள்.

2. ஸ்டிக்கர்

முதலில் நெட்டைத் துண்டித்தேன். பிறகு மெஷின் ஆன் ஆகும்போது தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். ஏழெட்டு வரி தாண்டியதும் அது இருந்தது. தூரத்திலிருந்து இன்னொருவர் இந்த மெஷினைப் பார்க்கவும் இயக்கவும் உதவுகிற ரிமோட் சாப்ட்வேர். இந்தப் பக்கம் யாரும் அனுமதி கொடுக்கத் தேவையில்லாதபடி நிரந்தர பாஸ்வேர்டு வைத்து, ஐகானை மறைத்து வைத்திருந்தது.

நான் சர்வீஸ் செய்யும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் கொடுத்து ரெஜிஸ்டரில் எழுதி வைப்பேன். ஸ்டிக்கரில் இருந்த எண்ணை வைத்து ரெஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘ரேம் மாற்றம். ரிமோட், நிரந்தர பாஸ்வேர்டு. கொண்டு வந்தவர் பிரபு.’

ஆள் நினைவுக்கு வந்தார். மரியாதையாகப் பேசினார். மனைவிக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது, நான் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவன், ஏதாவது சிக்கல் என்றால் அங்கிருந்தே சரிசெய்து கொடுப்பேன் என்றார். ஐகான் தெரிந்தால் அவள் தெரியாமல் அமுக்கிவிடுவாள், மறைத்துவிடுங்கள் என்றும் சொன்னார். அக்கறையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டுதான் செய்து கொடுத்தேன்.

வைரஸ் என்று சொல்லி அழித்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது. ரெஜிஸ்டர் என்னிடம்தான் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ரெஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்து, இதைப் போட்டது நான்தான் என்று சொன்னேன்.

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

“லேப்டாப் என்னுதுன்னு தெரியும்ல? என்னை ஒரு வார்த்தை ஏன் கேக்கல?”

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

3. அழிக்காமல் விட்டது

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே, அதை எடுத்துவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். தெரிந்துவிடும் என்றேன். தெரிந்தால் நேரில் வருவாரா என்று நான் கேட்டேன். ஏற்கெனவே ஒருமுறை அம்மா வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டிருக்கிறார் என்றாள்.

சாப்ட்வேரை எடுப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதை அவள்தான் தாங்க வேண்டும். அதனால் எது எப்போது செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று இருந்தேன். அவள் முடிவு செய்தாள். பழைய லேப்டாப் இருந்தபடியே இருக்கட்டும், அதில் சமையல் வீடியோ பார்க்கிறேன், வேலை தேடுவது அவருக்குத் தெரியாத இடத்தில் நடக்கட்டும் என்றாள்.

கடையில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பைச் சுத்தம் செய்து, பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து லினக்ஸ் போட்டேன். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் கீபோர்டை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். அதுவரை வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி மெஷின்மேல் ஒட்டி வைக்கிற ஆள் நான்.

புதிதாக ஒரு மெயில் ஐடி தொடங்கினாள். உள்ளே நுழைய பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கும்படி செய்தோம். அந்த எண் ஒரு புது சிம்முக்கு வரும். சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய பழைய போனில், அவள் இருக்கும் இடத்தைக் கணவருக்குக் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அதையும் அப்போதைக்குத் தொடவில்லை.

லினக்ஸ் போட்டால் யாராலும் பார்க்க முடியாதா என்று கேட்டாள். அப்படிச் சொன்னால் பொய். பாஸ்வேர்டு தெரிந்த ஆள் இதிலும் இதே மாதிரி ஒன்றைப் போட முடியும். ஆனால் என்னவெல்லாம் ஓடுகிறது என்று பார்க்கும் கமாண்டை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தேடிப் படித்துக் குறித்துவைத்தாள். வேதியியல் படித்தவள் இல்லையா, நான் சொன்னதை அப்படியே நம்பவில்லை. ஒரு வாரத்தில் என்னையே இரண்டு கேள்வி கேட்டு மடக்கினாள்.

4. பரங்கிப்பேட்டைக்கு ஒரு போன்

கணவர்தான் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றாள். என் அண்ணன் நஜீர் பரங்கிப்பேட்டையில் சின்னதாக ஒரு இறால் ஏற்றுமதி யூனிட் நடத்துகிறார். விஷயத்தைச் சொன்னோம், ஒப்புக்கொண்டார். பழைய லேப்டாப்பில் அவருடைய யூனிட்டுக்கு ஒரு விண்ணப்பம் டைப் செய்து, அனுப்பாமலே சேமித்து வைத்தாள் சுகந்தி. அதில் அண்ணனின் போன் நம்பர் இருந்தது.

நாலாம் நாள் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“ஒருத்தர் பேசுனாரும்மா. அந்தப் பொண்ணு வந்தா சேக்காதீங்க, மனசு சரியில்லாதவள்னு சொல்றாரு. அனுப்பாத லெட்டரு இவருக்கு எப்படித் தெரிஞ்சுது? நம்பர், நேரம் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்.”

சுகந்தியிடம் சொன்னபோது அழுவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்ததாகச் சொன்னாள். அதன்பிறகு டீ கேட்டாள்.

அடுத்த மாதம் கடலூரில் இன்னொரு லேபிலிருந்து புது மெயிலுக்கு அழைப்பு வந்தது. அன்று காலை பழைய போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, பட்டன் போனோடு பஸ் ஏறினாள். சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டாங்க. எல்லாமே கெமிஸ்ட்ரிதான் கேட்டாங்க.”

குரலில் அவ்வளவு சந்தோஷம். வேலை கிடைத்தது. பழைய போனில் இடம் காட்டும் வசதியை நிறுத்திவிட்டு அம்மாவோடு கடலூருக்குக் குடி மாறினாள்.

மாறிய பிறகுதான் வக்கீல் வைத்துப் புகார் கொடுத்தாள். பழைய லேப்டாப்பின் டிஸ்க்கை எதையும் மாற்றாமல் கழற்றி, உறையில் போட்டு, வக்கீல் சொன்னபடி கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்தையும், நான்தான் போட்டேன் என்ற வாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். கடைப் பெயர் கெட்டுவிடும், யோசித்துச் செய் என்றார் அண்ணன். யோசித்தேன். என் பெயரை மறைத்தால் அவள் சொல்வது பாதிக் கதையாகத்தான் நிற்கும். வழக்கு இன்னும் நடக்கிறது. போலீஸ் பிரபுவைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு கம்பெனிகளுக்கு அவர் போன் செய்வது நின்றுவிட்டது.

5. பெண் எங்கே

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மெஷினைக் கொண்டு வருகிறவர் வேறு, அதில் டைப் செய்கிறவர் வேறாக இருக்கலாம். ரேம் மாற்ற, உள்ளே இருக்கும் ஃபேனைத் துடைக்க யார் கொண்டு வந்தாலும் சரி. ஆனால் அதில் ஒரு கண்ணை வைக்கச் சொன்னால், அதைப் பயன்படுத்துகிற ஆள் நேரில் வந்து சரி என்று சொல்ல வேண்டும். இதற்கு எந்த சாப்ட்வேரும் இல்லை, வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான்.

போன மாதம் ஒருவர் கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்போடு வந்தார். என்னவெல்லாம் பார்க்கிறாள் என்று தன் போனிலேயே தெரிய வேண்டும் என்றார். பெண் எங்கே என்று கேட்டேன். அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று கோபப்பட்டார். வேறு கடைக்குப் போகிறேன் என்றார். போங்கள் என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவரே மகளோடு வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருப்பார்கள் போல, இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. அந்தப் பெண் லேப்டாப்பை என் முன்னால் வைத்து, “அப்பா என்ன வேணும்னாலும் என்னைக் கேக்கட்டும், நானே சொல்றேன்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி. இப்ப ப்ராஜெக்டுக்கு லினக்ஸ் மட்டும் போட்டுக் கொடுங்க” என்றாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த லினக்ஸ் என்றால் என்ன என்று என்னைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்.