சின்னம்மாவின் கேள்வி அட்டை

என் சின்னம்மா கொட்டாஞ்சேனையில் மருத்துவிச்சி. குடையும் பையுமாக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பார். பையில் ஓர் அட்டை இருக்கும். கால் வீக்கமா, தலையிடியா, பிள்ளை துடிக்கிறதா என்று ஆபத்து அறிகுறிகள் பற்றிப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து வாசித்துத்தான் கேட்பார். பள்ளி விடுமுறையில் ஒன்பது வயது நானும் கூடவே இழுபடுவேன்.

அந்த அட்டையால் என் மானம் போனது. முகத்துவாரத்தில் ஒரு கர்ப்பிணி அக்காவின் மாமியார், “இவ்வளவு வருஷமா வேலை செய்தும் பாத்துத்தான் கேக்கிறா!” என்று சிரித்தார். சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி அங்கே போகவேண்டிய நாளுக்கு முதல் இரவு அட்டையை எடுத்து என் சித்திரக் கொப்பிக்குள் ஒளித்துவிட்டேன். என்ன கெட்டித்தனம்!

மறுநாள் விடியவே எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. சித்தப்பாவை ஆமி விசாரணைக்கென்று ஏற்றிக்கொண்டு போனது. பத்து மணியாகியும் ஆள் திரும்பவில்லை. சின்னம்மா வாசலைப் பார்த்துப் பார்த்துப் பையைக் கிளறினார்; அட்டை அகப்படவில்லை. “சரி, மனப்பாடம்தானே” என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

முகத்துவாரத்தில் அட்டையில்லாமல் அவர் கேட்கக் கேட்க, மாமியாரை நான் பெருமையோடு பார்த்தேன். தலையிடியைப் பற்றி மட்டும் சின்னம்மா கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது. சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

சித்தப்பா பின்னேரம் வந்துவிட்டார். மூன்றாம் நாள் அந்த அக்காவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. பார்க்கப் போன சின்னம்மாவிடம் அவர் கோபமில்லாமல்தான் சொன்னாராம், “ஒரு கிழமையாத் தலையிடி மிஸ். வெயில் எண்டு நினைச்சுத் தைலம் பூசினன்.”

அன்றே அட்டையைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டேன். மறுநாள் காலை சின்னம்மா அதைக் கண்டெடுத்தார்.

“ஐயோ, இதுக்குள்ளதானே கிடந்திருக்கு! அண்டைக்கு என்ர கண்ணும் மூளையும் எங்க போச்சுது!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அட்டை கிடைத்துவிட்டது, இனி அடி விழாது என்று நான் நிம்மதியாகப் பாண் தின்றேன். என் குற்றத்தைத்தான் தூக்கி அவர் பைக்குள் வைத்தேன் என்பது அப்போது விளங்கவில்லை. விளங்கிய வயதில் சொல்லத் துணிவு வரவில்லை. பென்ஷன் எடுக்கும்வரை சின்னம்மா வாசலில் நின்று பையை மூன்று தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.