முன்னங்காலில் இருந்த சூடு

முத்தையா அண்ணையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த நினைவு மலரில் பலர் இருக்கிறார்கள். நான் அவருடன் மூன்று வருடங்கள் வேலை செய்தவள், அவ்வளவுதான். கூட்டத்தில் பேச எனக்கு வராது; அதனால் எழுத்தில் வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது, எங்கள் வேலையிடம் இருக்கும் புவாண்ட்-கிளேருக்குப் போகும் பஸ்சில் இருந்தேன். அவருடைய மனைவி பாக்கியம் அக்கா அழைத்தார். "நெஞ்சு வலிக்குதுன்னு கதிரையில உட்கார்ந்தாரு. எந்திரிக்கவே இல்ல" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. முதலில் பயம்தான் வந்தது. அவர் கேட்ட ஒன்றை நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

எங்கள் களஞ்சியத்தில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அலுவலகத்தில் வேலைப் பட்டியல் எழுதுபவள். அவர் முன்பு மலைநாட்டில், நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் இயந்திரத்தை ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்குவார். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குந்தியிருந்து, குதிரைக் காலில் சூடு பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"என்ன அண்ணை, புல்லுப் போட்டாச்சோ?" என்று பெடியள் கேட்பார்கள்.

"அது தின்னுட்டுத்தான் நிக்குது. நீதான் இன்னும் சாப்பிடல போல, மூஞ்சியப் பாரு!"

ஏப்ரலில் இங்கே பனி உருகத் தொடங்கும்போது அவர் நுவரெலியாவின் பந்தய நாட்களைச் சொல்லத் தொடங்குவார். முதல் நாட்களில் சிறிய ஓட்டங்கள். கொழும்பிலிருந்து தொப்பி போட்ட சீமாட்டிகள் வருவார்கள். தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சனம் வரும். கவர்னர் கிண்ணம், ராணிக் கிண்ணம் போன்ற பெரிய ஓட்டங்களுக்குக் குதிரைகள் இறங்கும்போது கடலைக்காரர்கள்கூடக் கடதாசிச் சுருள் மடிப்பதை நிறுத்திவிடுவார்களாம். ஆனால் பெரிய ஓட்டம் தொடங்கும் இடத்தில் அவர் எப்போதும் கதையை விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் கை ஒரு சக்கரத்தில் நின்றது. பிரேக் சூடாகியிருக்கிறது, ஓட்டக்கூடாது என்றார். மேற்பார்வையாளர், லொறி காத்திருக்கிறது, ஏற்றி முடி என்றார். அண்ணை என் மேசைக்கு வந்தார். அவர் உதடு நடுங்கியது.

"தங்கச்சி, பிரெஞ்சில எனக்கு இவ்வளவு பேச வராது. நீங்க சொல்லுங்க."

நான் யாரையும் எதிர்த்துக் கதைத்தவள் அல்ல. வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆனாலும் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மெக்கானிக் வந்து இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் தேய்ந்து முடிந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "என்னைவிட உங்களுக்கெல்லோ கூடப் பயம் வந்தது, ஏன் அண்ணை?" அன்றுதான் மீதிக் கதையைச் சொன்னார்.

"பெரிய ஓட்டத்தன்னைக்குக் காலையில குதிரையோட முன்னங்கால்ல சூடு இருந்துச்சு, உள்ளுக்குள்ள காயம்னு அர்த்தம். தொட்டது நான் மட்டுந்தான். மிருக டொக்டர் வர்ற வரைக்கும் பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தேன். அந்தக் குளிர்ல கால் ஜில்லுன்னு ஆயிருச்சு. அவரு தொட்டுப் பார்த்திட்டு சரின்னுட்டாரு."

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"ஓட்டத்துக்கு முன்னாடி குதிரையப் பிடிச்சிக்கிட்டு அத்தன சனத்துக்கு முன்னால நடத்திட்டு வருவோம். எங்க தோட்டத்து லயத்து ஆளுங்க எல்லாம் வந்திருந்தாங்க. அந்த ஒரு சுத்துக்காக."

குதிரை வளைவில் கால் முறிந்து விழுந்தது. அதை அங்கேயே சுட்டு முடித்தார்கள். குதிரையை ஓட்டிய ஜொக்கியின் இடுப்பெலும்பு உடைந்தது. வளைவில் கடிவாளத்தைப் பிழையாக இழுத்தது அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவரே அதை ஒப்புக்கொண்டு, பக்கத்தில் நின்ற அண்ணையிடம், "உன் குதிரையைக் கொன்னுட்டேன், மன்னிச்சிரு" என்று அழுதாராம். அண்ணை வாய் திறக்கவில்லை.

"ஒரு கடிதம் எழுதித் தாங்க தங்கச்சி. நீங்க படிச்சவங்க. உண்மைய அந்த மனுசன் தெரிஞ்சுக்கணும்" என்று கேட்டார்.

"பேந்து எழுதுவம் அண்ணை" என்றேன். அகதி விசாரணைக் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் எதையும் எழுத்தில் கொடுக்கப் பயம். எழுதியது ஒருநாள் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பார் அம்மா. பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்று என்னிடம் எல்லோரும் படிவங்களைக் கொண்டுவருவார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் எனக்கு இன்னும் கை குளிரும். அவருக்கு வழக்கு வந்துவிடுமோ, குடியுரிமைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நானே கற்பனை செய்தேன். அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

இதை இங்கே எழுதலாமா என்று பாக்கியம் அக்காவிடம் அனுமதி கேட்கப் போனேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டில் அக்கா அண்ணையின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். "ஏப்ரல் வந்தா தூங்காத மனுசன். எழுதுங்க. இனி அவர யாரு என்ன செய்யப் போறாங்க?" என்றார்.

அண்ணையின் சிரிப்பையும் பகிடியையும் மற்றவர்கள் எழுதுவார்கள். என்னிடம் அவர் விட்டுப்போனது, சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற பயம். அதை வைத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இதை வாசிப்பவர்களில் நுவரெலியா ஆட்கள் இருப்பீர்கள். அந்த ஜொக்கியின் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. ஒரு ஏப்ரலில், பெரிய ஓட்டத்தின் வளைவில் விழுந்து, அதன்பின் குதிரை ஏறாத ஒருவரை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அவர் உயிருடன் இருந்தால், தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள்: பிழை உங்கள் கையில் இல்லை, முத்தையாவுக்கு அது தெரியும், அவர் சொல்லச் சொன்னார்.