மதினியின் லெட்டூஸ் நாற்றுகள்

உள்ளறை அலமாரியின் மேல்தட்டில் வரிசையாகத் தயிர்க் கப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூலிழை போல ஏழெட்டு நாற்றுகள், வெளிறிப்போன பச்சையில், உச்சியில் இரண்டே இலைகளோடு நின்றன. சன்னல் இடுக்கில் வந்த கீற்று வெளிச்சத்தை நோக்கி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. சில மண்ணிலேயே படுத்துவிட்டன. மதினி கட்டிலில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு வெளிநாட்டில், பனி கொட்டும் ஒரு துறைமுக ஊரில், கிரேன் ஓட்டும் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷமாக இருவரும் அங்கேதான் இருந்தார்கள். கார்த்திகை மாதம் ஒருநாள் காலையில் மதினி மட்டும் இரண்டு பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆழ்வார்திருநகரியில் அவளுடைய அம்மா வீடு இருக்கும்போது, தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தாள் என்பதே எனக்கு முதல் குழப்பம். “அவுகளுக்கு லீவு கிடைக்கல மாமா. நான் முன்னால வந்துட்டேன்” என்று அப்பாவிடம் சொன்னாள். அன்று சாயங்காலமே அண்ணன் எனக்குப் போன் செய்தான். “அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு? மேலுக்குச் சரியில்லன்னுதான அவ கிளம்பி வந்தா” என்றான். அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் அவர் எங்கள் கடையில் அரிசி மூட்டையைத் தனியாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அதை அண்ணனிடம் சொல்லலாமா கூடாதா என்று விளங்காமல், “பரவாயில்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைக் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, “ஏளா, நீ ஒண்ணும் கேக்காத. அவளாச் சொல்லும்போது சொல்லட்டும்” என்றார். அம்மா இருந்திருந்தால் முதல் வேளைச் சாப்பாட்டிலேயே கேட்டிருப்பாள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் அப்பாவும் கேட்காமலிருப்பதே மரியாதை என்று முடிவு செய்துகொண்டோம்.

பச்சையாகவே தின்கிற லெட்டூஸ் கீரை விதைகளை மதினி அங்கிருந்து கொண்டுவந்திருந்தாள். சூட்டில் லெட்டூஸ் முளைக்காது என்பதால் ஏ.சி. அறையில் விதைத்தாளாம். நான்கே நாளில் முளைத்துவிட்டன. உடனே வெளிச்சத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அவளே சாப்பிடவும் குளிக்கவும் மட்டும்தான் அந்த அறையைவிட்டு வெளியே வந்தாள். “எல்லாம் வெளிச்சமில்லாம நீண்டு போச்சு, இனி தேறாது. தூக்கிப் போட்டுருளா” என்றாள் என்னிடம். எனக்கு ஏனோ கோபம் வந்தது. “உசிரோட இருக்கதை எதுக்கு மதினி தூக்கிப் போடணும்?” என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு ஞாயிறு விடுமுறை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்தோம். பெரிய கப்புகளில் ஆழமாகக் குழி பறித்து, நெட்டைத் தண்டு முழுவதும் மண்ணுக்குள் போகும்படி, இலைகள் மட்டும் மேலே தெரிய நட்டோம். “தண்டைப் பிடிக்காதளா, நசுங்கிரும். இலையைப் பிடி” என்றாள். எங்கள் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் குடிக்கிற கேன் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, கப்புகளை அதில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டோம். “பர்கர் கடைக் கீரைக்குக் கேன் தண்ணியா?” என்று அப்பா முனகினார். ஆனால் மறுநாள் அவரே இன்னொரு கேன் தூக்கிவந்தார். தண்டு உரமேற மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டோம். காலை வெயிலில் முதல் நாள் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று பழக்கினோம்.

இரண்டாவது வாரம் ஒருநாள் மதினிக்குத் தலைவலி. கப்புகளை எடுத்து உள்ளே வைக்கும் வேலை என்னுடையது. அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். “அவ ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டான். “என்ன சொல்லணும்?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்றான். இப்படியே சுற்றிச் சுற்றிப் பேசி முடித்து, மாடிக்கு ஓடியபோது மணி பன்னிரண்டு. எல்லா நாற்றுகளும் துவண்டு கிடந்தன. பின்னாலேயே வந்த மதினி திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. “மன்னிச்சிருங்க மதினி” என்றேன். “உன்னால இல்லளா” என்றாள். யாரால் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அப்பா சொன்னது நினைவுக்கு வர, கப்புகளை நிழலுக்குத் தூக்கினேன்.

பொழுது சாய்வதற்குள் பதினோரு நாற்றுகள் தலைநிமிர்ந்தன. மற்றவை போயின. அந்தப் பதினொன்றும் தை முடிவதற்குள் கை அகல இலைகளோடு தழைத்தன. மதினி உப்பும் எலுமிச்சையும் பிசறிக் கொடுத்ததை அப்பா மென்று பார்த்துவிட்டு, “ஒரு ருசியும் இல்லையே தாயி” என்றார். அவள் சத்தமாகச் சிரித்தாள்.

மாசி பிறந்ததும் அண்ணன் சொல்லாமல் வந்து நின்றான். பெட்டியை வைத்ததும் நேராக மாடிக்குப் போனான். பின்னாலேயே மதினியும் போனாள். சண்டை வரும் என்று பயந்து படிக்கட்டிலேயே நின்றேன்.

“இவ்வளவு ஆழமாவா நடுவாங்க?” என்று அண்ணன் கேட்பது காதில் விழுந்தது.

“ஏன், அங்க நீங்க மேலாக்க நட்டது மட்டும் பொழைச்சுதாக்கும்?”

 பொழுது சாய்ந்து இறங்கி வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. நான்காம் நாள் சேர்ந்தே கிளம்பிவிட்டார்கள்.

ரயில் நிலையத்தில் அண்ணன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மதினி, என்ன நடந்துச்சுன்னே எனக்கு விளங்கல” என்றேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. “நீ கேக்கவே இல்லையேளா” என்றாள். “இன்னைக்குக் கேப்ப, நாளைக்குக் கேப்பன்னு தெனமும் பாத்துக்கிட்டே இருந்தேன்.” அண்ணன் வந்துவிட்டான். ரயிலும் நகர்ந்தது.

வருஷங்கள் ஆகிவிட்டன. இருவரும் அங்கே நன்றாகத்தான் இருப்பதாகத் தெரிகிறது. அந்த மூன்று மாதமும் நான் காட்டியது மரியாதையா, வெறும் பயமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. போன வாரம் மதினி போனில் பேசினாள். பேச்சு ஓய்ந்த பிறகும் போனை வைக்கவில்லை. அவள் காத்திருப்பது போல இருந்தது. இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“சாப்பிட்டீங்களா மதினி?” என்றேன்.