கரும்பலகையின் மேல்பாதி

1971ஆம் ஆண்டு நவம்பர் எட்டாம் நாள், திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல் விட்டபாடில்லை. மயிலாப்பூர்க் குளத்தின் படிகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. மாடவீதியை ஒட்டியிருந்த அந்தப் பெண்கள் பள்ளியின் தாழ்வாரத்தில் குடைகள் வரிசையாக நீர் சொட்டிக்கொண்டிருந்தன. முதல் மணி அடிப்பதற்கு முன்பே, மூன்றாம் வகுப்பு ஆசிரியை தங்கபுஷ்பத்தைத் தலைமையாசிரியை ஜெயலக்ஷ்மி அம்மாள் தம் அறைக்கு அழைத்தார்.

“வர வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வரா. முதல்ல உங்க கிளாஸுக்குத்தான். அவா எழுதிக் குடுக்கறதை வெச்சுண்டுதான் உங்க வேலையை நிரந்தரம் பண்ணணும்.”

“சரிங்க டீச்சர்.”

“பாடம் நன்னாத்தான் நடத்தறேள். ஆனா போர்டுல ஏன் கீழ்ப்பாதியிலேயே எழுதிண்டிருக்கேள்? கடைசி பெஞ்சுக் குழந்தைகள் எழுந்து எழுந்து பாக்கறதுகள். மேல்பாதியை என்ன, வாடகைக்கா விட்டிருக்கோம்?”

தங்கபுஷ்பம் சிரிக்க முயன்றாள். உதடு மட்டும் அசைந்தது. “எழுதறேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவள் உயரமானவள் அல்லள். நிற்கும்போது மற்றவர்களைப் போலத்தான் தெரிவாள். நாற்காலியில் அமர்ந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவர்களைவிட ஒரு சாண் ஓங்கித் தெரிவாள். கால்கள் குட்டை, கழுத்துக்கும் இடுப்புக்கும் இடையே நீளம். ஊரில் எல்லாருக்கும் விலா முடியும் இடத்தில் முடிகிற ரவிக்கை, அவளுக்கு அதற்கு வெகுமுன்னதாகவே முடிந்துவிடும். முதுகின் கீழ்ப்பகுதியில், எந்த ரவிக்கையும் எட்டாத அந்த இடத்தில்தான், பதின்மூன்றாம் வயதில் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றியது. இப்போது அது உள்ளங்கை அகலம் இருக்கும் என்று நினைத்தாள். தன் கண்ணால் அவள் அதை நேராகப் பார்த்ததில்லை.

சாத்தான்குளத்தில் அவளுக்கு நிச்சயமாகவிருந்த ஒரு சம்பந்தம் அந்தத் திட்டினால்தான் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி கிணற்றடியில் பார்த்துவிட்டாள். மறுவாரத்திற்குள் ஊரே அதற்குக் குஷ்டம் என்று பெயர் வைத்தது. சென்னையில் அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், இங்கே ஒருவருக்கும் தெரியாது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க மாட்டாள். இருக்கையின் முதுகைப் பற்றிக்கொள்வாள். முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகியிருப்பாள். பாடம் முடிந்ததும் ஆசிரியைகளின் முதுகில் படிந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிடச் சிறுமிகள் போட்டி போடுவது அந்தப் பள்ளியில் வழக்கம். தங்கபுஷ்பத்தின் வகுப்பில் மட்டும் யாரும் அவளை நெருங்கக் கூடாது.

அன்று மாலை அவள் பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறினாள்.

“இன்னாக்கா, சைஸு சொல்லு” என்றான் ஒரு ரெடிமேட் கடைக்காரன்.

“முப்பத்திநாலு. ஆனா உயரம் கூட வேணும்.”

“எதுவரிக்கும்?”

அவள் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினாள்.

“அது ஜாக்கெட் இல்லக்கா, ஜிப்பா!” என்று அவன் சொன்னதும் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். “இப்போ எல்லாம் ஷார்ட்டுதான் போய்க்கினு கீது. வேணுன்னா முப்பத்தெட்டு எடுத்துக்கோ.”

முப்பத்தெட்டை அவள் புடவைமேல் வைத்துப் பார்த்தாள். தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. உயரம் ஒரு விரல்கூடக் கூடவில்லை. பெரிய அளவு என்றால் பருத்த உடம்புக்குத்தான். நீண்ட உடம்பை அளவு போட்டவர்கள் யாரும் நினைக்கவே இல்லை. ரங்கநாதன் தெருவிலும் அதே கதைதான். ஒரு கடை வாசலில் மட்டும், கல்லூரிப் பெண்கள் பெல்பாட்டத்தின்மேல் அணியும் நீண்ட மேல்சட்டை ஒன்று, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழ்விளிம்பை அவள் விரலால் தொட்டாள். முட்டி வரை இறங்கியது.

“டாப்ஸு அது. மாட்டிக்கினு போ, சோக்கா கீது!” என்றான் கடைக்காரன்.

அதை அணிந்துகொண்டு ஜெயலக்ஷ்மி அம்மாள் முன்னால் நிற்பதை நினைத்ததுமே அவள் கையை எடுத்துவிட்டாள்.

மாம்பலத்து வீட்டில் அக்காள் முத்துலட்சுமி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “ஏட்டி, முந்தானையச் சுத்தி ஊக்கு குத்திக்க. அதுக்குப்போய் ஏன் தெருத்தெருவா அலையுத?”

“குத்தித்தான் பாத்தேன்க்கா. கையத் தூக்குனா சேலையும் சேந்துல்லா மேல போவுது.”

“அப்ப கையத் தூக்காத.”

“பெரிய டீச்சர் தூக்கச் சொல்லிட்டாங்களே.”

முத்துலட்சுமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். “கிணத்தடியில ஒருத்தி கண்ணுல பட்டதே போதும். இங்கயும் தெரிஞ்சுதுன்னா பிள்ளையளத் தொட்டுச் சொல்லிக்குடுக்க விடுவாகளா? யோசிச்சிக்க.”

மறுநாள் காலை, மழைக்காக வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியிலிருந்து ரவிக்கைகளை எடுத்து மடிக்கும்போதுதான் தங்கபுஷ்பத்தின் கை நின்றது. பழையது ஒன்றின்மேல் அதற்கடுத்துத் தைத்ததை வைத்தாள். அதன்மேல் அதற்கடுத்ததை வைத்தாள். கீழ்விளிம்புகள் படி இறங்குவதுபோல ஒன்றைவிட ஒன்று குறைந்துகொண்டே வந்தன.

அவள் ஒருநாளும் தையற்காரரை அளவெடுக்க விட்டதில்லை. நாடாவோடு முதுகுப்பக்கம் நிற்பவர் கண்ணில் பட்டுவிடும் என்ற அச்சம். அதனால் எப்போதும் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தே தைக்கச் சொல்வாள். துவைத்துச் சுருங்கிய பருத்தி ரவிக்கையைப் பார்த்து அவர் புதியதை வெட்டுவார். அதுவும் துவைக்கத் துவைக்கச் சுருங்கும். பிறகு அதுவே அடுத்ததற்கு அளவாகும். திட்டை மறைக்க அவள் கொடுத்துவந்த அளவுகளே ஆண்டுதோறும் அதைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தன. இனி நாடாவுக்கு உடம்பைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வலியுல்லாவின் தையற்கடை கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் இருந்தது. பள்ளியின் ஆசிரியைகள் பலரும் அங்கேதான் தைக்கக் கொடுப்பார்கள். கடையின் பின்பாதியில் திரை கட்டியிருக்கும். பெண்களுக்கு அளவெடுப்பது அவருடைய மனைவி அன்வரி பேகம். தங்கபுஷ்பம் திரைக்குள் நுழைந்தபோது, ஆணியில் கத்தரிப்பூ நிறப் பட்டு ரவிக்கை ஒன்று தொங்குவதைக் கண்டாள். யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. நவராத்திரிக்கு ஜெயலக்ஷ்மி அம்மாள் அதைத்தான் அணிந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று கால் தயங்கியது.

“கையத் தூக்கு கண்ணு” என்றார் அன்வரி பேகம்.

தூக்கினாள். நாடாவின் பித்தளை முனை கழுத்திலிருந்து சில்லென்று முதுகெலும்போடு இறங்கிப் பாதியில் நின்றது. வெளியே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

“எத்தினி நாளா?” குரல் காதருகே கிசுகிசுத்தது.

“ரொம்ப நாளா.”

“நோவுதா?”

“இல்ல.”

“அப்ப இன்னாத்துக்கு இப்டி நடுங்கறே?”

நாடா மறுபடி இறங்கி, திட்டைத் தாண்டி நின்றது. “ஏங்க, எழுதிக்கோங்க! ஒசரம் பதினேழு!” என்று அன்வரி பேகம் திரைக்கு அப்பால் கூவினார்.

“பதினேழா? இன்னா, ஆம்பள சொக்காவா தைக்கச் சொல்றே?”

“சொன்னத எழுதுங்க.”

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால், சொல்லத்தக்க செய்தி அது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மழையில் இறங்கினாள். அன்றும் மறுநாளும், ஆசிரியைகள் இருவர் சேர்ந்து பேசுவதைக் கண்டாலே அவள் வழியை மாற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை போனபோது, “ஹூக்கு மட்டும்தான் டீச்சரம்மா பாக்கி. காலைல ஸ்கூலுக்குப் போறச்சே வாங்கிக்கினு போங்க” என்றார் வலியுல்லா. வெள்ளிக்கிழமை காலை செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது. அன்வரி பேகம் அங்கு இல்லை. தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

“எங்க வீட்டம்மா ஒசரத்த தப்பா சொல்லிடிச்சும்மா. பதினேழுன்னா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? பதினாலு வெச்சு நானே சரி பண்ணிட்டேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க.”

தங்கபுஷ்பம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பள்ளியின் முதல் மணி சந்து வரைக்கும் கேட்டது.

ஆசிரியைகளின் குளியலறையில் புதிய ரவிக்கையை அணிந்து பார்த்தாள். பழையதைவிட ஒரு விரல் இறக்கம். அவ்வளவுதான். இரண்டு ஊக்குகளைக் குத்தினாள். அவசரத்தில் ஒன்று விரலில் ஏறியது. இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே வகுப்புக்கு நடந்தாள்.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஒன்றில் ஜெயலக்ஷ்மி அம்மாள். மற்றொன்றில் வெள்ளைப் புடவையில், மடியில் காகிதமும் கையில் பேனாவுமாக இன்ஸ்பெக்ட்ரஸ். பாடம் கூட்டல் கணக்கு. தங்கபுஷ்பம் வாயால் நடத்தினாள். விரல் விட்டு எண்ண வைத்தாள். புளியங்கொட்டைகளைப் பரப்பிக் காட்டினாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். இப்படியே மணியடித்துவிடாதா என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கும்போதே, இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியை மேலேற்றிவிட்டுச் சொன்னார்: “ஒரு கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டுங்கம்மா. நல்லா மேலேயிருந்து எழுதுங்க, இங்கே தெரியணும்.”

அவள் திரும்பினாள். கரும்பலகையின் மேல்விளிம்பு எட்டாத தொலைவில் இருப்பதுபோலத் தோன்றியது. கையைத் தூக்கினாள். முந்தானை மேலே இழுபட்டது. ஊக்கு ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. முதுகில் மழைக்காற்று பட்டது. முதல் எண்ணை எழுதினாள். இரண்டாவதை எழுதினாள். சாக்பீஸ் கீச்சிட்டது.

“டீச்சர்! முதுகுல சாக்பீஸு!”

முதல் பெஞ்சு ஷாகிரா. சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிறுமி எழுந்து ஓடிவந்துவிட்டாள். இத்தனை நாள் கிடைக்காத வாய்ப்பு. ஈரச் சிறு கை ஒன்று தங்கபுஷ்பத்தின் முதுகில் பட்டது, தட்டியது, தேய்த்தது.

“போவலியே டீச்சர்” என்றாள் ஷாகிரா. சிலேட்டைத் துடைப்பதுபோல விரலை நாக்கில் தொட்டு, மறுபடி அழுத்தித் தேய்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். அதில் வெள்ளை ஒட்டவில்லை.

பின்வரிசையில் நாற்காலி ஒன்று பின்னுக்கு நகர்ந்தது. ஜெயலக்ஷ்மி அம்மாள் எழுந்து நின்றிருந்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் பெஞ்சுகளுக்கிடையே மெதுவாக நடந்து முன்னால் வந்தார். பேனா திறந்தபடியே இருந்தது.

“சாக்பீஸ்தானேம்மா அது?” என்று அவர் கேட்டார். குரல் கடுமையாக இல்லை. ஆம் என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துக்கொண்டால் அதோடு முடிந்துவிடும் போலிருந்தது.

தங்கபுஷ்பம் ஷாகிராவைப் பார்த்தாள். அவள் இன்னும் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று சாக்பீஸ் என்று சொன்னால் நாளை மறுபடி துடைக்க வருவாள். என்றாவது ஒருநாள் உண்மை தெரியும்போது, தொட்ட பிள்ளை என்று இவளையும் ஒதுக்குவார்கள். பின்னாளில் தன் தலை நரைத்த பிறகு, இதே பள்ளியில் தனக்கு மாலை போட்டு வழியனுப்புவார்கள் என்று அந்த நொடியில் யாராவது சொல்லியிருந்தால் தங்கபுஷ்பம் நம்பியிருக்க மாட்டாள். சாத்தான்குளத்துக்குப் போகும் இரவு ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் அவள் மனம் தேடிக்கொண்டிருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இல்லீங்கம்மா. வெள்ளைத் திட்டு. பதிமூணு வயசிலேருந்து இருக்கு. யாருக்கும் ஒட்டாது.”