சம்பூசா தாட்சாயணி

துருவிய கோஸில் உப்புப் போட்டுப் பிசறி, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டிப் பிழிந்துகொண்டிருக்கிறார் தாட்சாயணி. ஒழுகுவது நின்ற பிறகும் விடுவதில்லை. மூட்டையைத் திருப்பிக் கட்டி, அதன் மேல் அம்மிக் குழவியை ஏற்றிவைத்துக் காத்திருக்கிறார். கேரட்டுக்கும் குடைமிளகாய்க்கும் இதே தண்டனைதான்.

“ஒரு சொட்டு தண்ணி இருந்தாலும் எண்ணெயில வெடிக்கும் சார். வெடிச்சா இன்னா ஆவும்னு எனக்குத்தான் தெரியும்.”

பிழிந்த காயோடு உதிர்த்த பன்னீர், துருவிய சீஸ், மிளகுத்தூள், வெங்காயத்தாள். மைதாவை அப்பளம்போல் தேய்த்து, தோசைக்கல்லில் ஈரம் போகும் அளவுக்கு மட்டும் வாட்டி, நீள நாடாக்களாக வெட்டி வைத்திருக்கிறார். நாடாவின் நுனியை மடித்தால் ஒரு கூம்பு. அதில் பூரணத்தை அடைத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக மடித்துக்கொண்டே போய், மைதாப் பசையால் வாயை ஒட்டுகிறார். ஒட்டிய பிறகு ஒவ்வொரு மூலையையும் கிள்ளிப் பார்க்கிறார். மூலை விட்டுப்போனால் சீஸ் உருகி எண்ணெய்க்குள் ஓடிவிடும்.

ஆந்திர எல்லையில் இருக்கிற வரதய்யபாளையத்தில் கம்பெனி ரோட்டு டீக்கடைகளுக்கும், ஒரு கம்பெனி கேண்டீனுக்கும், திருப்பதியில் ஒரு பேக்கரிக்கும் இவர் சரக்குதான் போகிறது. வாங்குகிறவர்களுக்கு அது சமோசா. இவருக்குச் சம்பூசா. குவைத்தில் வீட்டு வேலை செய்தபோது அந்தப் பெயரோடுதான் கற்றுக்கொண்டார்.

மாவு தேய்க்கிற பலகையை உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் கீல் பதிந்த பள்ளம் தெரியும். அது இந்த வீட்டுச் சமையலறையின் கதவு. குவைத்திலிருந்து திரும்பிய வாரமே கழற்றிப் போட்டுவிட்டார்.

“நாய் வந்து பன்னீர துன்னுட்டுப் போவுது. கேட்டா காத்து வேணுமாம்” என்கிறார் கணவர் கோவர்த்தனன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

காற்றுக்காக மட்டும் என்று தோன்றவில்லை. பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டை ஒட்டிய இருக்கைதான் வேண்டும் தாட்சாயணிக்கு; இல்லையென்றால் அடுத்த பஸ். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு திருப்பதி மலைக்குப் போனதில்லை. தரிசனத்துக்குக் காத்திருப்பவர்களைக் கம்பி போட்ட அறைகளில் உட்காரவைத்துப் பூட்டுவார்கள் என்பதால் மலையடிவாரத்தில் அலிபிரியில் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, அண்ணாந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். “சாமிக்கு என் நெலம தெரியும்” என்பார். என்ன நிலைமை என்று கோவர்த்தனன் கேட்டதில்லை. மகள் காஞ்சனாவும் கேட்டதில்லை.

சம்பூசா செய்வதைப் பார்க்க நான் போயிருந்த அன்று திருப்பதியிலிருந்து தாமோதரன் வந்திருந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு வீட்டில் இருந்த காஞ்சனாவுக்கு குவைத்தில் ஒரு வீடு பார்த்திருந்தார்.

“பயம் லேது அக்கா. நல்ல ஃபேமிலி. ரெண்டு பசங்கள பாத்துக்கணும், அவ்ளோதான். அடுத்த மாசமே ஃப்ளைட்.”

தாட்சாயணி எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெளிய போவச்சொல்லோ வூட்ட பூட்டிக்கினு போவாங்களா?”

“எல்லா வூட்லயும் அப்படித்தானே அக்கா. சேஃப்டிக்கு.”

“சாவி யாருகிட்ட இருக்கும்?”

தாமோதரன் சிரித்தார். கோவர்த்தனனுக்குக் கூச்சமாகிவிட்டது. “இன்னாமே கேள்வி இது? நீ போவலியா? அத்தினி வருசம் நல்லாத்தானே இருந்துட்டு வந்த? கூலிக்குப் போய்க்கினு இருந்தோம். இந்த மனையும் வூடும் எதுல வந்துச்சு?”

தாட்சாயணி அடுப்பை அணைத்தார். பாதி வெந்த சம்பூசாக்கள் எண்ணெயிலேயே மிதந்தன. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

“நோன்பு மாசம். நோன்பு தொறக்கச்சொல்லோ சம்பூசா சூடா இருக்கணும். அவங்கல்லாம் கடைக்குப் போனாங்க, எப்பவும்போல வெளிய பூட்டிக்கினு. நான் காய சரியா புழியல போல. ஒண்ணு வெடிச்சு எண்ணெ வழிஞ்சு பத்திக்கிச்சு. ஸ்க்ரீன் துணி பத்திக்கிச்சு. ஜன்னல்ல கம்பி. கதவ தட்றேன், கத்தறேன், யாரு வருவா? காஸ நிறுத்திட்டு, பெசஞ்ச மாவ அள்ளி அள்ளி நெருப்பு மேல அடிச்சேன். அணைஞ்சிச்சு. ஆனா பொகை. தரையில படுத்து, கதவு இடுக்குல மூக்க வெச்சுக்கினு கெடந்தேன்.” காஞ்சனாவைப் பார்த்தார். “உன்ன நெனச்சுக்கலாம்னு பாத்தேன். உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வரல. எவ்ளோ யோசிச்சும் வரவே இல்ல.”

மறுபடி எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வந்து தெறந்தாங்க. மேடம் செவுத்துல கரிய பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. ‘சம்பூசா எங்க’ன்னாங்க. வேற அடுப்புல மறுபடி பொரிச்சுக் குடுத்தேன். கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்துக் குடுத்தாங்க. அப்பறமும் பூட்டிக்கினுதான் போனாங்க.”

“ஒரு வார்த்த சொல்லலியேமே” என்றார் கோவர்த்தனன். குரல் இறங்கிவிட்டது.

“எப்படிச் சொல்றது? போன் பண்ணா, செவுரு எழும்பிடுச்சுன்னு சந்தோசமா சொல்லுவ. அந்த நேரத்துல இத சொல்லவா?”

காஞ்சனா எழுந்துபோய் அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அண்ணா, நான் போவல” என்றாள் தாமோதரனிடம். அவர் வற்புறுத்தவில்லை. எழுந்து போகும்போது, கதவில்லாத சமையலறை நிலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறு மாதம் கம்பெனி ரோட்டிலேயே செல்போன் பாகங்களைச் சேர்க்கும் ஒரு தொழிற்சாலையில் காஞ்சனாவுக்கு வேலை கிடைத்தது. பக்கத்துப் பெண்கள் பலரும் அங்கேதான். சாயங்காலமானால் வீடு திரும்பிவிடலாம். கோவர்த்தனனுக்கு நிம்மதி. தாட்சாயணி மட்டும் சோறு இறங்காமல் கிடந்தார். அந்தக் கம்பெனிக் கேண்டீனுக்குத்தான் இவர் சம்பூசா போகிறது. கோவர்த்தனன்தான் ஆட்டோவில் கொண்டுபோய் இறக்குவார். காஞ்சனாவின் முதல் நாளன்று தாட்சாயணி “தட்ட நானே எடுத்துக்கினு வரேன்” என்று ஏறிக்கொண்டார். நானும் கூடப் போனேன்.

முன்கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே போன காஞ்சனா திரும்பிக் கை காட்டினாள். பதிலுக்குக் காட்டத் தாட்சாயணியிடம் கை இல்லை. இரண்டும் தட்டைப் பிடித்திருந்தன. தெலுங்குக்காரக் காவலாளியிடம் கேட்டார்: “உள்ள இருக்கிறவங்க அவங்களே தெறந்துக்கினு வெளிய வர முடியுமா?”

“பின்னாடி எமர்ஜென்சி டோர் உந்தம்மா. உள்ள இருந்து தள்ளினா தெறந்துக்கும்.”

கேண்டீனுக்குப் பின்வாசல் வழி. தட்டோடு முன்னால் போன தாட்சாயணி பாதியில் நின்றார். காஞ்சனா போன நீளமான கட்டடத்தின் பின்சுவரில் ஒரு இரும்புக் கதவு. மேலே ஓடுகிற மனிதனின் பச்சைப் படம். கதவை ஒட்டி, தோள் உயரத்துக்கு, காலி அட்டைப்பெட்டிகளையும் மரச்சட்டங்களையும் அடுக்கிவைத்திருந்தார்கள். உள்ளே இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

“ஏம்மா, அக்கட ஏம் பனி? கேண்டீன் இந்தப் பக்கம்” என்று தெலுங்கும் தமிழுமாக யாரோ கத்தினார்கள்.

தாட்சாயணி ஆவி பறக்கும் தட்டை மண்தரையிலேயே இறக்கிவைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே இருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அந்தாண்டை வீசினார். அடுத்த பெட்டியைத் தூக்கினார்.