முத்து குடியிருக்கும் பஞ்சுல்

ஞாயிறு, மாலை நாலு மணி. கோவில்பட்டியில் ரயிலேறி, மதுரையில் விமானம் பிடித்து, மும்பையிலும் இஸ்தான்புல்லிலும் மாறி, மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டு மண்ணை மிதித்தபோது என் கால் இரண்டும் பணியாரமாக வீங்கியிருந்தன. வயது ஐம்பத்தெட்டு. கடலைமிட்டாய்க் கடையைப் பூட்டிவிட்டு இத்தனை தூரம் போனதற்குக் காரணம் ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாக அங்கே ஒரு தூத்துக்குடிக் கம்பெனிக்காக முந்திரிக்கொட்டை வாங்கி அனுப்பும் என் தம்பி முத்துவைக் கையோடு ஊருக்குக் கூட்டிவர வேண்டும். போனில் கேட்டால் "அடுத்த பொங்கலுக்குப் பாப்போம்க்கா" என்று நழுவுகிறவன் நேரில் என்ன சொல்வான் என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பினேன்.

விமான நிலையத்திலிருந்து தலைநகர் பஞ்சுலுக்கு இருபத்து நாலு கிலோமீட்டர். சதுப்புக் காட்டுக்கு நடுவே ஒரு பாலத்தைக் கடந்தால் ஊர். ஊரே ஒரு தீவுதான். காம்பியா ஆறு கடலில் சேரும் இடத்தில் தாழக் கிடக்கிறது. சென்னையை மனதில் வைத்துக்கொண்டு போன எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம் கோவில்பட்டியே இதைவிடப் பெரிது.

"இதுதானாலே தலைநகரம்?" என்றேன்.

"மெதுவாச் சொல்லுக்கா. டிரைவர் லாமினுக்கு இந்த ஊருன்னா உசிரு," என்றான் முத்து.

திங்கள். காலையில் முத்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனான். 1816இல் ஆங்கிலேயர் இந்தத் தீவில் ஊர் கட்டி, ஆற்று வாயைப் பார்த்துப் பீரங்கி வைத்தார்களாம். மனிதர்களைப் பிடித்து அடிமைகளாக ஏற்றிப்போகும் கப்பல்களைத் தடுக்க. அதற்கு முன் இதே ஆற்றில் அப்படி ஏற்றிப் போனவர்களில் அவர்களும் உண்டு. நல்ல நியாயம்! அவர்கள் வைத்த 'பாதர்ஸ்ட்' என்ற பெயரை, விடுதலைக்குப் பிறகு 1973இல் பஞ்சுல் என்று மாற்றியிருக்கிறார்கள். பிறகு இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன சரக்கு என்ன தெரியுமா? நிலக்கடலை. கடலையால் வளர்ந்த ஊர் என்று கேட்டதும் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. பத்துக் கிலோ கடலைமிட்டாயைச் சுமந்து வந்தது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுவந்த கதை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முத்து குடியிருக்கும் பகுதியின் பெயர் ஹாஃப் டை. எப்போதோ காலரா வந்து பாதிப் பேர் செத்துப்போனதால் அந்தப் பெயராம்.

"பாதிச் சாவுன்னு பேரு வச்ச எடத்துலயா குடியிருக்க? வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?"

"மிச்சம் பாதி பொழச்சிக் கெடந்துச்சுல்லாக்கா," என்று சிரித்தான். கோபமாக வந்தது, சிரிப்பும் வந்தது.

ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடுகள். அதில் ஒன்றில் முத்து வாடகைக்கு இருக்கிறான். வீட்டுச் சொந்தக்காரி இசாத்து என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அன்று மதியம் அவள் செய்த குழம்பின் பெயர் தொமோதா. அரைத்த கடலை விழுதில் தக்காளியும் மீனும் போட்டுக் கொதிக்கவைத்து, சோற்றில் ஊற்றினாள். பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதைச் சாப்பிட வேண்டும். இசாத்து முள்ளெடுத்த மீனை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். எனக்கு யாரும் மீனில் முள்ளெடுத்துக் கொடுத்து எத்தனையோ காலமாகிறது.

சாப்பிட்டதும் கடலைமிட்டாயைப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்றை மென்றுவிட்டு என்னவோ சொன்னாள். முத்து சொல்லத் தயங்கினான்.

"சும்மா சொல்லுலே."

"கடலை ஒரு வறுப்பு கூடிப்போச்சுங்காக."

முப்பது வருஷத்தில் எவரும் சொல்லாத குறை. விறைத்துப்போய் நானும் ஒன்றை மென்று பார்த்தேன். அவள் சொன்னது சரி. அன்று சாயங்காலமே இருவரும் மணல்சட்டியில் கடலை வறுத்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. கடலை பதம் வந்தால் இருவருக்கும் தெரிந்தது.

புதன். ஆல்பர்ட் சந்தைக்குப் பத்து நிமிஷ நடை. எங்களுக்கு ஒரு மணி நேரமானது. இந்த ஊரில் எதிர்ப்பட்டவரிடம் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. நின்று, கைகொடுத்து, வீட்டார் எல்லோரையும் விசாரிக்க வேண்டும். தையல்காரர், மீன்காரி, பச்சைத் தேயிலையைக் காய்ச்சிக் காய்ச்சி மூன்று தடவை ஊற்றிக் குடிக்கும் கிழவர்கள் என்று எல்லோரும் முத்துவை நிறுத்தினார்கள். அவனும் ஒரே பதிலைச் சொன்னான்.

"என்னலே சொல்லுத?"

"ஊர்ல எல்லாரும் எப்படின்னு கேப்பாக. 'அங்க இருக்காக'ன்னு சொல்லணும். பன்னிரண்டு வருஷமா ஒன்னய தினமும் விசாரிச்சிருக்காகக்கா."

தெரு முழுக்க என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டது. நம் ஊரில் முத்துவை விசாரித்தவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரலுக்குள் முடிந்துவிட்டது.

வெள்ளி. ஆற்றைக் கடந்து பர்ரா போகும் படகில் ஆளுக்கு முப்பத்தைந்து டலாசி, நம் காசுக்கு நாற்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆடு, லாரி, மூட்டைகளோடு நாங்களும் நின்றோம். இனியும் தள்ளிப்போட முடியாது என்று கேட்டுவிட்டேன்.

"மாடியப் பூசி, கட்டிலெல்லாம் போட்டு வச்சிருக்கேன். ஊருக்கு வந்துருதியாலே? நாந்தான் ஒத்தையா இருக்கேன்."

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்குச் சொல்லுதேன்க்கா," என்றான்.

சனி, காலை பத்து மணி. லாமின் வண்டியில் பெட்டியை ஏற்றினான். வழியனுப்ப முற்றமே திரண்டு நின்றது. எல்லோருக்கும் முன்னால் இசாத்து வந்து இடது கையை நீட்டினாள்.

எனக்குச் சுரீரென்றது. ஆறு நாளும் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இடது கையால் ஒரு பருக்கையை அவள் தொட்டதில்லை. போகிற நேரத்தில், ஊர் பார்க்க இப்படி அவமானமா? கும்பிடு ஒன்றைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

பாலம் வந்ததும் பொறுக்க முடியாமல், "எடது கைய நீட்டுதாளே, நான் என்ன பண்ணிட்டேன் அவளுக்கு?" என்று கொட்டிவிட்டேன்.

முத்து திகைத்தான். "ஐயோ அக்கா, நீ கை கொடுக்கலியா? ரொம்பத் தூரம் போறவுகளுக்கு மட்டுந்தான் இங்கன எடது கை கொடுப்பாக. அது தப்புன்னு அவுகளுக்கும் தெரியும். அந்தத் தப்பைச் சரிபண்ணவாவது நீ திரும்பி வரணும்லா, அதுக்குத்தான். வேண்டியவுகளுக்குத்தான் கொடுப்பாக."

"வண்டியத் திருப்பச் சொல்லு."

"விமானத்துக்கு நேரம்..."

"திருப்பச் சொல்லுலே!"

இசாத்து வாசலிலேயே நின்றிருந்தாள். ஓடிப்போய் என் இடது கையால் அவள் இடது கையைப் பற்றிக்கொண்டேன். வறுத்த கடலை வாசம் அடித்தது. இருவரும் அழுதோம். லாமின் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

விமான நிலைய வாசலுக்குமேல் முத்துவை விடவில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டு நின்றான்.

"இன்னைக்குச் சொல்லுதேன்னியே?" என்றேன்.

அவன் கண் கலங்க, இடது கையை நீட்டினான்.

வீட்டில் இருக்கிறவர்கள் கிளம்புகிறவர்களுக்குக் கொடுக்கும் கை அது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஊருக்கு வந்த மூன்று தடவையும் வாசலில் நின்று வழியனுப்பியது நான். இன்று நிற்பது அவன். அழுகைதான் வந்தது, கோபம் வரவில்லை. என் இடது கையை அவன் கையில் வைத்தேன்.

"போயிட்டு வாரேன்லே," என்றேன்.